ஷட்டரை இறக்கிய பிறகு செய்யும் வேலை யாருடைய கணக்கில்?



நோன்பு நெருங்குகிறது. இன்னும் சில வாரங்களில் நம் ஊர்க் கடைத்தெருவில் பெருநாள் வியாபாரம் சூடுபிடித்துவிடும். அதற்கு முன் ஒரு விடயத்தை ஊராக இருந்து பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். கடை வைத்திருப்பவர்கள், கடையில் வேலை செய்பவர்கள், பிள்ளையைக் கடைக்கு அனுப்பியிருக்கும் வாப்பா உம்மாமார் எல்லோரும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

விடயம் இதுதான். கடை திறப்பதற்கு முன்பும் மூடிய பின்பும் ஊழியர் கட்டாயமாக நின்று செய்யும் வேலைக்குச் சம்பளம் உண்டா, இல்லையா?

நம் ஊர் புடவைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை 9 மணி என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்திருப்பார்கள். ஆனால் ஊழியர் 8.30க்கே நிற்க வேண்டும். கூட்ட வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும், வாசலில் நிற்கும் பொம்மைகளுக்கு உடுப்பு மாற்ற வேண்டும், கொழும்பிலிருந்து வந்த பொதிகளைப் பிரித்து விலை ஒட்ட வேண்டும். இரவிலும் அப்படித்தான். ஷட்டர் பாதி இறங்கியதும் வாடிக்கையாளருக்குக் கடை முடிந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு முடிவதில்லை. ஒருவர் முப்பது சாரியை விரித்துப் பார்த்து ஒன்றை வாங்கிப் போயிருப்பார். மிச்சம் இருபத்தொன்பதையும் மடித்து அதனதன் தட்டில் வைக்க வேண்டும். காசு எண்ண வேண்டும். கணக்கில் ஐந்நூறு ரூபா குறைந்தால் அது சரிவரும் வரை எல்லோரும் நிற்க வேண்டும். பிறகு பை சோதனை. பிறகு சாவியோடு முதலாளி வரும் வரை காத்திருப்பு.

வெளியே வாப்பா ஒருவர் மோட்டார் சைக்கிளில் மகளைக் கூட்டிப் போக வந்து நிற்பார். முக்கால் மணித்தியாலம் அப்படியே நிற்பார். உள்ளே போய்க் கேட்க அவருக்குத் தயக்கம். கேட்டால் மகளின் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம்.

நாங்கள் பாடசாலையில் படிப்பிப்பவர்கள். இதில் எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் பிள்ளைகளில் கணிசமானோர் போய் நிற்பது இந்தக் கடைகளில்தான். சிலர் பெறுபேறு வரும் வரை, சிலர் நிரந்தரமாக. பத்து வருடம் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். நேரத்துக்கு வா, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய், பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அந்த நல்ல பழக்கத்தையே வைத்து அவர்களிடம் இலவச வேலை வாங்கினால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"டீச்சர்மார், சேர்மார் எல்லாம் ஒன்றரைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள்தானே" என்று கட்டாயம் யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள், கோபமில்லை. எங்கள் சம்பளம் அரச சுற்றறிக்கையில் இருக்கிறது. அதை யாரும் மறைக்க முடியாது, யாரும் குறைக்கவும் முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லாத பிள்ளைக்காகத்தான் பேசுகிறோம்.

*ஒரே கடிகாரம், இரண்டு கணக்கு*

காலையில் பத்து நிமிடம் பிந்திவிட்டால் என்ன நடக்கிறது? பல கடைகளில் அது கொப்பியில் பதியப்படும். மூன்று முறை பிந்தினால் அரை நாள் சம்பளம் வெட்டு என்று வைத்திருப்பவர்களும் உண்டு. சரி, ஒழுங்கு வேண்டும்தான். ஆனால் அதே பிள்ளை இரவில் ஐம்பது நிமிடம் கூடுதலாக நின்றால் அது எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை.

ஊழியர் பிந்தும்போது நிமிடம் நிமிடமாக ஓடும் கடிகாரம், கடை பிந்தும்போது மட்டும் நின்றுவிடுகிறது. நேரத்துக்குப் பெறுமதி இல்லை என்று முதலாளிமார் நினைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பெறுமதி தெரிந்ததால்தான் பத்து நிமிடத்துக்கும் வெட்டுகிறார்கள். அந்தப் பெறுமதியை இரண்டு பக்கத்துக்கும் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

*சட்டம் என்ன சொல்கிறது?*

இது புதிதாக யாரோ கொண்டு வந்த உரிமை இல்லை. நம் நாட்டில் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்த ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே வந்தது. அதன்படி சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், ஒரு வாரத்துக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை. அதற்கு மேல் வேலை வாங்கினால் அது மேலதிக நேரம், நாம் ஓ.டி. என்று சொல்வது. அதுவும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த நேரத்துக்குச் சாதாரண மணித்தியாலச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேரும் அன்றே நேரம், சம்பளம், விடுமுறை போன்ற விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

"கூட்டுவதும் மடிப்பதும் எல்லாம் வேலையா? சும்மா கடையை எடுத்து வைப்பதுதானே" என்று ஒரு பேச்சு உண்டு. இதே கேள்வி உலகத்தில் பல இடங்களில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பு 1930இலேயே கடை, அலுவலக வேலை நேரம் பற்றி ஒரு சமவாயம் கொண்டு வந்தது. ஊழியர் முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரம்தான் வேலை நேரம் என்று அதில் விளக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. ஊழியர் தன் விருப்பப்படி இருக்கக்கூடிய ஓய்வு நேரம் மட்டும்தான் அதில் சேராது.

அமெரிக்காவில் பை சோதனை பற்றியே இரண்டு பெரிய வழக்குகள் நடந்தன. அமேசான் களஞ்சியங்களில் வேலை செய்தவர்கள், வேலை முடிந்து சோதனைக்காக வரிசையில் நிற்கும் நேரத்துக்குச் சம்பளம் கேட்டார்கள். 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் சட்டப்படி கொடுக்கத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. சோதனை அவர்களுடைய பிரதான வேலையோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்தது அல்ல என்பது காரணம். ஆனால் 2020இல் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் ஆப்பிள் கடை ஊழியர்களின் வழக்கில் வேறு விதமாகத் தீர்த்தது. அந்த மாநிலத்தின் விதி, ஊழியர் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறார் என்பதைப் பார்க்கிறது. சோதனை முடியும் வரை அவர்கள் வெளியே போக முடியாது, ஆகவே அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது.

ஒரே நாட்டில் இரண்டு பதில். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். நம் ஊருக்கு நாம் ஒரு எளிய கேள்வியை வைத்துக்கொள்ளலாம்: அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை நினைத்தால் வீட்டுக்குப் போகலாமா? போக முடியாது என்றால் அது முதலாளியின் நேரம். முதலாளியின் நேரம் என்றால் சம்பள நேரம். மடித்தாலும் சரி, எண்ணினாலும் சரி, சாவிக்காகச் சும்மா நின்றாலும் சரி.

*சின்ன நேரம், சின்னத் தொகை இல்லை*

அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதச் சம்பளம் 30,000 ரூபா என்று வையுங்கள். கடை ஊழியருக்கு ஓ.டி. கணக்குப் பார்க்கும்போது மாதச் சம்பளத்தை 240ஆல் பிரிப்பது வழமை. ஒரு மணித்தியாலத்துக்கு 125 ரூபா வரும். அதன் ஒன்றரை மடங்கு 187 ரூபா 50 சதம். ஒப்புக்கொண்ட 8 மணித்தியாலத்துக்கு மேல் காலையில் அரை மணித்தியாலம், இரவில் ஒரு மணித்தியாலம், மொத்தம் ஒன்றரை மணித்தியாலம். மாதம் 24 நாள் வேலை என்றால் 36 மணித்தியாலம். அதற்குரிய தொகை 6,750 ரூபா.

ஒரு வருடத்துக்கு 81,000 ரூபா. கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம்.

அதாவது அந்தப் பிள்ளை வருடம் முழுக்க வேலை செய்து, ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளத்தைக் கடைக்குச் சும்மா விட்டுவிட்டுப் போகிறது. அந்தக் காசு ஒரு தம்பியின் வகுப்புக் கட்டணம், வாப்பாவின் மருந்துச் செலவு, ஒரு வீட்டின் மின்சாரக் கட்டணம். பேசிக்கொண்ட நேரமே 8 மணித்தியாலத்தைத் தாண்டும் கடைகளும் இருக்கின்றன. அவர்களுடைய கணக்கு இதைவிடப் பெரிது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

*அளவையில் நேரமும் சேரும்*

நம் வியாபாரிகளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. துணி அளக்கும்போது ஒரு விரல்கடை கூட விட்டு வெட்டுவார்கள். தராசு முள் கொஞ்சம் வாடிக்கையாளர் பக்கம் சாயும்படி நிறுப்பார்கள். அளவையில் குறைத்தவர்களின் கதி என்ன என்பது நமக்குத் தெரியும். குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அதைப் பற்றித்தான் தொடங்குகிறது. ஷுஐப் நபி தன் சமூகத்தைத் திருத்தப் போராடியதும் இந்த விடயத்துக்காகத்தான். பள்ளியில் குத்பா கேட்ட எல்லோருக்கும் இது தெரியும்.

வாங்கும்போது முழுசாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பதைத்தான் அந்த அத்தியாயம் கண்டிக்கிறது. இதைத் துணிக்கும் அரிசிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு நேரத்தை விட்டுவிட முடியுமா? பிந்திய பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு, கூடுதலாக நின்ற ஐம்பது நிமிடத்தை விட்டுவிட்டால் அதற்கு வேறு என்ன பெயர்? கூலியையும் வியர்வையையும் பற்றிய ஹதீஸ் நம் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பாடம். கூலியை நேரத்துக்குக் கொடுப்பதோடு முழுசாகக் கொடுப்பதும் அதில் அடங்கும் என்றுதான் நாங்கள் விளங்கியிருக்கிறோம்.

*முதலாளிமாரின் பக்கம்*

அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறோம்.

முதலாவது, "2022க்குப் பிறகு வியாபாரம் முன்னைய மாதிரி இல்லை. வாடகை, மின்சாரம், பாங்குக் கடன், எல்லாம் ஏறிவிட்டது." உண்மை. நெருக்கடி எல்லோரையும் அடித்தது. ஆனால் அரிசி விலை ஊழியரின் வீட்டிலும்தான் ஏறியது. வாடகை கூடினால் கட்டட உரிமையாளரிடம் பாதி மாதம் இலவசமாகக் கேட்க நமக்கு வாய் வருமா? மின்சார சபையிடம் கடைசி ஒரு மணித்தியாலத்துக்குக் கட்டணம் இல்லை என்று சொல்ல முடியுமா? எதிர்த்துப் பேச முடியாதவரிடம் மட்டும் குறைப்பது வியாபாரத் திறமை ஆகாது.

இரண்டாவது, "பகலில் ஆள் வராத நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்." வாடிக்கையாளர் வராதது ஊழியரின் குற்றம் இல்லை. அந்த நேரத்திலும் அவர் கடையில்தான் நிற்கிறார், யாரும் வந்தால் எழும்பத் தயாராக. போன் பார்ப்பது தொல்லை என்றால் அதற்கு ஒரு ஒழுங்கு வையுங்கள். பகல் சும்மா இருந்ததற்கு இரவில் பழி தீர்க்க வேண்டாம்.

மூன்றாவது, இதுதான் அடிக்கடி கேட்பது: "நாங்கள் குடும்பம் மாதிரி. சாப்பாடு கொடுக்கிறோம், பெருநாளுக்கு உடுப்பு கொடுக்கிறோம், வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் பார்க்கிறோம்." இதை நாங்கள் மறுக்க மாட்டோம். நம் ஊர் முதலாளிமாரில் ஈரமான மனசுக்காரர் நிறையப் பேர். ஆனால் அன்பளிப்பு வேறு, கடன் வேறு. செய்த வேலைக்குக் கொடுக்காத கூலி கடன். கடனை வைத்துக்கொண்டு ஸதகா கொடுத்தால் கடன் தீர்ந்துவிடாது. பெருநாள் உடுப்பை வாங்கும்போது அந்தப் பிள்ளை நன்றி சொல்லித் தலை குனிகிறது. ஓ.டி. காசை வாங்கும்போது குனியத் தேவையில்லை. அந்த வித்தியாசம் சின்னதில்லை.

*நோன்பு மாதம்*

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், வருடத்தில் மிக நீண்ட நாட்கள் வரப்போகின்றன. கடைசிப் பத்தில் நடுநிசி தாண்டியும் கடைகள் திறந்திருக்கும். ஊரே இபாதத்தில் இருக்கும் அந்த இரவுகளில் தராவீஹும் இல்லாமல், ஸஹருக்குக் கொஞ்சம் முன்னால் வீடு போய்ச் சேரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் வீடுகளில் சவூதி, கத்தார் போய் வந்தவர்கள் இல்லாத வீடு குறைவு. சவூதி தொழிற்சட்டத்தில் நோன்பு காலத்தில் முஸ்லிம் ஊழியரின் வேலை நேரம் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. அங்கே அந்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நம் ஆட்கள் போன் எடுத்துக் குறை சொல்கிறார்கள், நாமும் சேர்ந்து கவலைப்படுகிறோம். நம் நாட்டிலும் முஸ்லிம் அரச ஊழியர்கள் நோன்பு காலத்தில் தொழுகைக்குப் போக வசதி செய்து கொடுக்கும்படி வருடாவருடம் சுற்றறிக்கை வருகிறது. நோன்பில் நேரம் நீளுவது நம் சொந்தக் கடைத்தெருவில், நம் சொந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

வியாபாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு மாதம்தான் பல கடைகளுக்கு வருடத்தைத் தூக்கி நிறுத்துகிறது. அந்த வியாபாரத்தைத் தோளில் சுமக்கும் பிள்ளைக்கும் அதில் உரிய பங்கு போகட்டும்.

*என்ன செய்யலாம்?*

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. செலவில்லாமலும் சிறு செலவிலும் செய்யக்கூடியவை இவை.

1. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், இரண்டுக்கும் கையொப்பம். ஷட்டர் இறங்கிய நேரம் அல்ல, ஊழியர் வாசல் தாண்டிய நேரம்.

2. எல்லோரும் 8.30க்கு வரத் தேவையில்லை. பாதிப் பேர் முன்னே வந்து முன்னே போகட்டும், பாதிப் பேர் பிந்தி வந்து கடையை மூடட்டும். வாரம் ஒருமுறை மாறிக்கொள்ளலாம். ஓ.டி. செலவே பாதியாகிவிடும்.

3. சம்பள நேரம் முடிவதற்கு அரை மணித்தியாலம் முன்பே புது வாடிக்கையாளரை எடுப்பதை நிறுத்தலாம். மடிப்பதும் எண்ணுவதும் சம்பள நேரத்துக்குள் முடியும்.

4. சாவியை நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஒருவருடைய சாவிக்காக ஆறு பேர் நிற்க வேண்டாம்.

5. நோன்புக்கு முன் வர்த்தகர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஒருமுறை கூடி, மூடும் நேரத்தையும் ஓ.டி. கொடுப்பதையும் எல்லாக் கடைக்கும் பொதுவாக முடிவு செய்யலாம். "நான் மட்டும் கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரன் மலிவாக விற்பான்" என்ற பயம் அப்போது இருக்காது. சரியாகக் கொடுக்கும் முதலாளிமார் இப்போதும் நம் ஊரில் இருக்கிறார்கள். இந்த முடிவால் முதலில் பாதுகாக்கப்படுவது அவர்கள்தான்.

வேலை செய்யும் தம்பி தங்கைமாருக்கு: கடையில் கொப்பி இல்லை என்றால் உங்கள் போனிலோ ஒரு டயரியிலோ நீங்களே நேரத்தைக் குறித்து வையுங்கள். நாள், வந்த நேரம், போன நேரம் போதும். கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டாம். உங்கள் பக்கமும் நேர்மை வேண்டும். முதலில் மரியாதையாக முதலாளியிடமே கேளுங்கள். முடிந்தால் தனியாகப் போகாமல் நாலு பேர் சேர்ந்து போங்கள். சரிவராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தொழில் உத்தியோகத்தருக்குக் கடைக்கு வந்து பதிவுகளைப் பார்க்க அதிகாரம் உண்டு. எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில்தானே.

வாப்பா உம்மாமாருக்கு: பிள்ளையை வேலைக்குச் சேர்க்கும்போது சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவீர்கள், பிந்தினால் எப்படிக் கணக்கு என்றும் கேளுங்கள். அதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். முதல் நாள் கேட்டால் அது சாதாரணப் பேச்சு. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சண்டை மாதிரி ஆகிவிடும்.

பெருநாளுக்கு உடுப்பு எடுக்கும் நம் எல்லோருக்கும்: கடை மூடும் நேரத்தில் உள்ளே போய் முப்பது சாரியை விரிக்க வைப்பதைத் தவிர்ப்போம். விரித்ததை மடிக்க ஒரு பிள்ளை நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு உம்மா காத்திருக்கிறார்.

கருத்துப் பகுதியில் எந்தக் கடையின் பெயரையும் எந்த முதலாளியின் பெயரையும் போட வேண்டாம். யாரையும் அவமானப்படுத்த இதை எழுதவில்லை. பெயர் போட்டால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும், கொப்பி வராது. உங்கள் கடையில் ஏற்கனவே ஒழுங்காக நேரம் பதிந்து ஓ.டி. கொடுக்கிறீர்கள் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அது வழிகாட்டும்.

வர்த்தகர் சங்கத்திலும் பள்ளி நிர்வாகத்திலும் இருப்பவர்கள் இதை வாசித்தால், நோன்புக்கு முன் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் நாங்கள் வரத் தயார். கொப்பிக்குக் கோடு போட்டுத் தருவதையும் நாங்களே பொறுப்பெடுக்கிறோம்.